ஏவரேஜ் 40 கரெக்டா இருக்கு, அப்புறம் ஏன் துணியில பட்டை விழுது?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. ஸ்பின்னிங் மில் லேப்ல புதுசா சேர்ந்திருக்கீங்க, ரெண்டு ரிங் ஃப்ரேம்ல (நூல் நூற்கற மெஷின்) 40ஸ் நூல் ஓடுது, ரெண்டுலயும் ஏவரேஜ் கவுண்ட் 40 தான் வருது, ஆனா ரெண்டாவது ஃப்ரேம் நூல் போன இடத்துல மட்டும் நிட்டிங்காரங்க துணியில பட்டை பட்டையா விழுதுன்னு திருப்பி அனுப்பறாங்க. சூப்பர்வைசர் "சிவி பாருப்பா"ன்னு சொல்லிட்டு போயிட்டார். நெட்ல தேடினா ரேஞ்ச், வேரியன்ஸ், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சிவி, ஐக்யூஆர்னு அஞ்சாறு வருது, எது எதுக்குன்னு தெரியல. அதோட நூல் ஒரே சீரா இருக்கான்னு பாக்கற ஈவன்னெஸ் டெஸ்டர் ரிப்போர்ட்ல சிவி 13-ன்னு இருக்கு, உங்க கணக்குல 3 வருது, எது சரின்னு குழப்பம்.

பதில் நீளமா போகும், டீயை பக்கத்துல வெச்சுக்கங்க. நானும் கோயம்புத்தூர் பக்கம் மில் லேப்ல ரொம்ப வருஷம் லீ எடை போட்டவன் தான், இதே குழப்பத்துல இருந்து வந்தவன்.

மில் பழக்கம் இல்லாதவங்களும் படிப்பாங்கங்கறதால ஒரு வரி. நூலோட மெலிசை சொல்றது தான் கவுண்ட். ராப் ரீல்ல 120 கெஜம் சுத்தி எடுக்கறது ஒரு லீ, அதை கிராம்ல எடை போட்டு 64.8-ஐ அந்த எடையால வகுத்தா கவுண்ட். 40ஸ் நூல்னா ஒரு லீ 1.62 கிராம் இருக்கணும். எடை கூடினா கவுண்ட் குறையும், நூல் தடிப்பு.

இப்ப ஒரு உதாரணம், கையில போட்டு பாக்கற மாதிரி சின்னதா. ஃப்ரேமுக்கு அஞ்சு லீ.

முதல் ஃப்ரேம்: 39.8, 40.2, 40.0, 39.7, 40.3.
ரெண்டாவது ஃப்ரேம்: 38.5, 41.2, 40.3, 39.0, 41.0.

ரெண்டையும் கூட்டினா 200, அஞ்சால வகுத்தா 40. ஏவரேஜ்ல ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா 38.5 நூலும் 41.2 நூலும் நிட்டிங் மெஷின்ல பக்கத்து பக்கத்து ஃபீடர்ல ஓடினா ஒரு வரி தடிப்பா ஒரு வரி மெலிசா விழத்தான் செய்யும். துணிக்கு ஏவரேஜ் தெரியாது, ஒவ்வொரு நூலும் பக்கத்து நூல்ல இருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுங்கறது மட்டும் தான் தெரியும். அந்த தள்ளி நிக்கறதை ஒரே நம்பரா சொல்ல என்ன வழின்னு யோசிச்சதுல தான் நீங்க சொன்ன அத்தனை அளவும் வந்துச்சு.

சுலபமானது ரேஞ்ச், ஸ்கூல் புக்ல வீச்சுன்னு படிச்சிருப்பீங்க. பெருசுல இருந்து சின்னதை கழி, முடிஞ்சது. முதல் ஃப்ரேமுக்கு 0.6, ரெண்டாவதுக்கு 2.7. ரேஞ்சை கேவலமா பேசறவங்க நிறைய, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஷிஃப்ட்ல நின்னுகிட்டே மனக்கணக்கா போடலாம், எக்ஸெல் வேண்டாம். அஞ்சு அஞ்சா எடுக்கற சாம்பிளுக்கு ரேஞ்சை 2.326-ஆல வகுத்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு (சுருக்கமா எஸ்டி) பக்கத்துல வந்துடும். இங்க 0.6-ஐ வகுத்தா 0.258, 2.7-ஐ வகுத்தா 1.16, கொஞ்ச நேரத்துல நிஜ எஸ்டி போடும்போது ஒப்பிட்டு பாருங்க. இந்த 2.326 எல்லாம் கன்ட்ரோல் சார்ட்ல இன்னிக்கும் ஓடற நம்பர், இதுக்கு அடிப்படையான டேபிளை 1925-ல கணக்கு போட்டு வெளியிட்டவர் டிப்பெட். அவர் வேலை பார்த்தது இங்கிலாந்துல பருத்தி ஆராய்ச்சி நிலையத்துல, அதாவது நம்ம ஆளு தான்.

ரேஞ்சோட கோளாறு வேற இடத்துல இருக்கு. சாம்பிள் கூடக்கூட அது தானா வீங்கும், ஏன்னா நிறைய எடுத்தா எங்கயாவது ஒரு கோக்குமாக்கு லீ மாட்டத்தான் செய்யும். அஞ்சுக்கு 2.326-ன்னா பத்துக்கு 3.078. அதனால நீங்க அஞ்சு லீ எடுத்து, பக்கத்து யூனிட்காரர் இருபது எடுத்து, ரேஞ்சை மட்டும் வெச்சு "எங்கது தான் நல்லா ஓடுது"ன்னு சண்டை போட்டா அர்த்தம் இல்ல. அப்புறம் நடுவுல இருக்கற மூணு லீ என்ன பண்ணுதுன்னு அது பாக்கவே பாக்காது.

சரி, எல்லா லீயையும் கணக்குல எடுக்கணும். ஒவ்வொண்ணும் 40-ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு எழுதுவோம். ரெண்டாவது ஃப்ரேமுக்கு: மைனஸ் 1.5, ப்ளஸ் 1.2, ப்ளஸ் 0.3, மைனஸ் 1.0, ப்ளஸ் 1.0. இதை அப்படியே கூட்டினா பூஜ்யம், எப்பவுமே பூஜ்யம் தான், ஏவரேஜ்ங்கறதே அப்படி அமையற புள்ளி. அப்ப மைனஸை ஒழிச்சாகணும், அதுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு குறியை தூக்கி போட்டுட்டு அளவை மட்டும் கூட்டறது, இன்னொண்ணு வர்க்கப்படுத்தி கூட்டறது.

முதல் வழியில 1.5, 1.2, 0.3, 1.0, 1.0 கூட்டினா 5.0, அஞ்சால வகுத்தா 1.0. இதுதான் சராசரி விலக்கம், மீன் டீவியேஷன். "ஒரு லீ சராசரியா 1 கவுண்ட் தள்ளி நிக்குது"ன்னு யாருக்கு சொன்னாலும் புரியும். முதல் ஃப்ரேமுக்கு 0.2.

ரெண்டாவது வழியில 2.25, 1.44, 0.09, 1.00, 1.00, மொத்தம் 5.78. இதை 4-ஆல வகுத்தா 1.445, அது வேரியன்ஸ். அதோட வர்க்கமூலம் 1.20, அது ஸ்டாண்டர்ட் டீவியேஷன். முதல் ஃப்ரேமுக்கு 0.26-ஐ 4-ஆல வகுத்து 0.065, மூலம் 0.255. மேல ரேஞ்சுல இருந்து வந்த 0.258, 1.16 ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க, மனக்கணக்குக்கு மோசமில்ல. (நம்ம பாடப்புத்தகத்துல திட்ட விலக்கம், விலக்க வர்க்க சராசரி, இலங்கை புத்தகம் எடுத்தா நியம விலகல், மாறற்றிறன், எல்லாம் ஒண்ணு தான், பேரைப் பார்த்து பயப்படாதீங்க.)

இங்க எல்லாரும் கேக்கற கேள்வி, அஞ்சு லீ இருக்க ஏன் 4-ஆல வகுக்கணும்? "டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்"னு ஒரு வார்த்தையை சொல்லிட்டு வாத்தியார் போயிடுவார். நான் ஒரு பொம்மை கணக்குல காட்டறேன். ஒரு ஃப்ரேம்ல நூல் 39 இல்லைன்னா 41, சரிபாதி சரிபாதி, வேற கிடையாதுன்னு வைங்க. நிஜ ஏவரேஜ் 40, எல்லாமே 1 தள்ளி நிக்குது, அதனால நிஜ வேரியன்ஸ் 1. இப்ப ரெண்டே லீ எடுக்கறீங்க. நாலு விதமா வரலாம்: 39-39, 39-41, 41-39, 41-41. உங்களுக்கு நிஜ ஏவரேஜ் தெரியாது, அந்த ரெண்டு லீயோட ஏவரேஜை வெச்சு தான் கணக்கு போடணும். வர்க்கத்தோட கூட்டல் முறையே 0, 2, 2, 0. ரெண்டால வகுத்தா 0, 1, 1, 0, சராசரியா 0.5, நிஜத்துல பாதி தான். ஒண்ணால வகுத்தா 0, 2, 2, 0, சராசரியா 1, கரெக்ட். அவ்வளவு தான் மேட்டர். சாம்பிளோட ஏவரேஜ் அந்த சாம்பிளுக்கு பக்கத்துலயே போய் உக்காந்துக்கும், அதனால தூரம் எல்லாம் குறைச்சலா தெரியும், அந்த குறைச்சலை ஈடு கட்டத்தான் ஒண்ணு கம்மியா வகுக்கறோம். இன்னும் நோண்டணும்னா, வேரியன்ஸ் தான் சரியாகுதே தவிர எஸ்டி முழுசா சரியாகறதில்ல, அதே நாலையும் மூலம் எடுத்து பாருங்க, 0, 1.414, 1.414, 0, சராசரி 0.707. லேப் வேலைக்கு இதைப் பத்தி கவலைப்பட வேண்டாம், ஆனா ரெண்டு மூணு லீ வெச்சுகிட்டு எஸ்டி போடாதீங்கங்கறதுக்கு இது ஒரு காரணம்.

சாஃப்ட்வேர்ல ஒரு கண்ணி இருக்கு. எக்ஸெல்ல எஸ்டிடெவ் டாட் எஸ்னு முடியறது ஒண்ணு கம்மியா வகுக்கும், டாட் பின்னு முடியறது முழு எண்ணிக்கையால வகுக்கும். பைத்தான்ல NumPy லைப்ரரி, எதால வகுக்கணும்னு நாம சொல்லாம விட்டா முழு எண்ணிக்கையால வகுக்கும், pandas லைப்ரரி சொல்லாம விட்டா ஒண்ணு கம்மியா வகுக்கும். ஒரே டேட்டா, ரெண்டு லைப்ரரி, ரெண்டு பதில், அதுக்கு அரை நாள் தலையைப் பிச்சுகிட்டவங்களை எனக்கு தெரியும், அதுல நானும் ஒருத்தன். அஞ்சு லீக்கு 1.20-க்கும் 1.08-க்கும் வித்தியாசம் பெருசு, ஐநூறு லீக்கு ஒண்ணுமே தெரியாது.

இப்ப முக்கியமான கேள்வி. மீன் டீவியேஷன் 1.0-ன்னு புரியற மாதிரி சொல்லுதே, எதுக்கு வர்க்கம், மூலம்னு சுத்தி வளைக்கணும்? இந்த சண்டை நூறு வருஷத்துக்கு முன்னாடியே நடந்துச்சு. ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ங்கற பேரு புள்ளியியல்காரர் கார்ல் பியர்சன் 1890-கள்ல வெச்சது, வேரியன்ஸ்ங்கற பேரு இன்னொரு புள்ளியியல்காரர் ஃபிஷர் 1918-ல வெச்சது. நடுவுல 1914-ல எடிங்டன், அதாவது அப்புறம் 1919 சூரிய கிரகணத்தை போட்டோ எடுத்து ஐன்ஸ்டீனை உலகத்துக்கு காட்டின அதே வானியல்காரர், நிஜ டேட்டாவுக்கு மீன் டீவியேஷன் தான் நல்லதுன்னு எழுதினார். ஃபிஷர் 1920-ல பதில் கொடுத்தார்: டேட்டா சுத்தமான மணி வடிவ நார்மலா இருந்தா, எஸ்டி 100 ரீடிங்ல சொல்றதை மீன் டீவியேஷன் சொல்ல 114 ரீடிங் வேணும்னு. கேஸ் முடிஞ்சுதுன்னு எல்லாரும் எஸ்டி பக்கம் போயிட்டாங்க. 1960-ல டூக்கிங்கற புள்ளியியல்காரர் வந்து, ஆயிரத்துல ரெண்டு ரீடிங் மட்டும் மூணு மடங்கு பரவலான இடத்துல இருந்து வந்து கலந்தா போதும், மீன் டீவியேஷன் ஜெயிச்சுடும்னு காட்டினார். ஆயிரத்துல ரெண்டு! எந்த மில்லுல அது கூட இல்லாம இருக்கு?

சுவாரஸ்யம் என்னன்னா இந்த சண்டை நம்ம லேப்லயே ரெண்டு எழுத்தா உக்காந்திருக்கு. ஈவன்னெஸ் ரிப்போர்ட்ல யூ%னு ஒண்ணு, சிவி%னு ஒண்ணு பார்த்திருப்பீங்க. யூ% வேற ஒண்ணுமில்ல, மீன் டீவியேஷனை ஏவரேஜோட பர்சென்ட்டா போட்டது. சிவி% எஸ்டியை அதே மாதிரி போட்டது. பழைய மெஷின்ல யூ% எடுக்கறது தான் சுலபம், அதனால பெரியவங்க இன்னும் "யூ பர்சென்ட் எவ்வளவு"ன்னு தான் கேப்பாங்க. நூல் நார்மலா இருந்தா சிவி, யூவை விட 1.25 மடங்கு இருக்கும், வட்டக் கணக்குல வர்ற பை (3.1416), அதுல பாதி எடுத்து மூலம் போட்டா வர்ற 1.2533 தான் அது. அந்த விகிதம் 1.25-ஐ விட நல்லா தாண்டி போச்சுன்னா, அங்கங்க திடீர் தடிப்போ மெலிசோ நிறைய இருக்குன்னு அர்த்தம், ஏன்னா வர்க்கம் பெரிய தப்பை இன்னும் பெருசாக்கும். ரெண்டு நம்பரையும் ஒண்ணா பார்க்கறவங்க கம்மி, பாருங்க.

ஆனா எஸ்டி நிலைச்சு நின்னதுக்கு ஃபிஷரோட 114 மட்டும் காரணம் இல்ல, உங்க பட்டை பிரச்சனைக்கு நேரா உதவறது வேற ஒரு குணம். தனித்தனி காரணத்தால வர்ற பரவல் எல்லாம் வேரியன்ஸ்ல தான் நேரா கூட்டிக்கும். ஒரே பாப்பின்க்குள்ள (ஃப்ரேம்ல நூல் சுத்தி வர்ற குழல்) லீக்கு லீ வர்ற எஸ்டி 1.2, பாப்பின்க்கு பாப்பின் வர்ற எஸ்டி 0.9-ன்னு வைங்க. மொத்தம் 2.1 இல்ல. 1.44-ம் 0.81-ம் சேர்ந்து 2.25, மூலம் 1.5. செங்கோண முக்கோணம் ஞாபகம் வரணும், 3-4-5. இப்ப மேனேஜர் "பாப்பின் வித்தியாசத்தை மொத்தமா ஒழிச்சுட்டா என்ன கிடைக்கும்"னு கேட்டா, 1.5-ல இருந்து 0.9 போய் 0.6 ஆகும்னு ஆசை காட்டாதீங்க, 1.2-க்கு தான் வரும். பெரிய பக்கத்தை விட்டுட்டு சின்ன பக்கத்தை எவ்வளவு தேய்ச்சாலும் கர்ணம் பெருசா குறையாது. மீன் டீவியேஷன்ல இந்த மாதிரி பிரிச்சு பிரிச்சு கூட்ட முடியாது, அதனால தான் அது புரியறதுக்கு சுலபமா இருந்தும் ஓரமா போச்சு.

அடுத்து சிவி. எஸ்டியை ஏவரேஜால வகுத்து நூறால பெருக்கறது, மாறுபாட்டுக் கெழு. முதல் ஃப்ரேம் 0.64%, ரெண்டாவது 3.0%. எதுக்குன்னா 40ஸ்ல 1 கவுண்ட் தள்ளினா 2.5%, 20ஸ்ல அதே 1 கவுண்ட் 5%, ரெண்டும் ஒண்ணு இல்ல. அளவே வேறயா இருக்கறதை ஒப்பிட சிவி தான் கருவி. மழையை பாருங்க, இந்தியா முழுக்க தென்மேற்கு பருவமழை சராசரி சுமார் 87 செமீ, வருஷத்துக்கு வருஷம் சிவி சுமார் 10%. நமக்கு வடகிழக்கு பருவமழை சராசரி சுமார் 44 செமீ, சிவி 25%-க்கும் மேல. 2015-ல சென்னை மூழ்கி, அடுத்த வருஷமே சராசரியை விட 62% குறைஞ்சு மாநிலமே காஞ்சு போச்சே, அந்த 25-க்கு அர்த்தம் அதுதான். பாதி மழையை ரெண்டரை மடங்கு நிச்சயமில்லாம வாங்கிக்கறோம்.

ஆனா சிவிய கண்ட இடத்துல போடாதீங்க. பூஜ்யம்னா நிஜமாவே ஒண்ணுமில்லைன்னு இருக்கற அளவுக்கு மட்டும் தான் அது. ரூம் டெம்பரேச்சர் சராசரி 30 டிகிரி செல்சியஸ், எஸ்டி 3-ன்னா சிவி 10%. அதையே ஃபாரன்ஹீட்ல மாத்தினா சராசரி 86, எஸ்டி 5.4, சிவி 6.3%. தெர்மாமீட்டரை மாத்தினதும் ரூம் நிதானமாயிடுச்சா என்ன? எடை, நீளம், கவுண்ட், ஸ்ட்ரெங்த் இதுக்கெல்லாம் ஓகே.

இப்ப என் சொந்த கதை ஒண்ணு, சொல்ல கூச்சமா தான் இருக்கு. வேலைக்கு சேர்ந்த புதுசுல நைட் ஷிஃப்ட்ல ரிப்போர்ட் டைப் பண்ணும்போது 40.3-ஐ 43.0-ன்னு அடிச்சுட்டேன். மேல இருக்கற முதல் ஃப்ரேம் மாதிரி ஒரு நல்ல ஃப்ரேம் தான். அதே நம்பர்லயே போட்டு பாருங்க, 39.8, 40.2, 40.0, 39.7, 43.0. ஏவரேஜ் 40.54, எஸ்டி 1.39, சிவி 3.4%. அதாவது நல்ல ஃப்ரேம், கெட்ட ஃப்ரேமை விட மோசமா தெரியுது, ஒரே ஒரு டைப்பிங் தப்பால. காலையில ஃபிட்டர் வந்து ஃப்ரேமை நிறுத்தி, இழையை இழுத்து மெலிசாக்கற டிராஃப்டிங் பகுதி எல்லாம் கழட்டி பார்த்து, ஒண்ணும் கிடைக்காம, கடைசியில பழைய லெட்ஜரை புரட்டினப்ப தான் விஷயம் தெரிஞ்சுது. அவர் என்னை ஒண்ணும் திட்டல, லெட்ஜர்ல அந்த வரியை விரலால தொட்டு காட்டிட்டு போயிட்டார், அது திட்டினதை விட மோசம்.

அன்னிக்கு எனக்கு தெரிஞ்சிருக்க வேண்டியது மீடியனை வெச்சு போடற அளவு. நம்பரை வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறதை எடு, சரியான டேட்டாவுல 40.0. ஒவ்வொண்ணும் அதுல இருந்து எவ்வளவு தூரம்: 0.2, 0.2, 0, 0.3, 0.3. இந்த தூரங்களையும் வரிசைப்படுத்தி அதோட நடு 0.2. இதை மேட்னு சொல்வாங்க. இப்ப தப்பா அடிச்ச டேட்டாவுக்கு: நடு இன்னும் 40.0, தூரங்கள் 0.2, 0.2, 0, 0.3, 3.0, அதோட நடு இன்னும் 0.2. அசையவே இல்ல. இதை 1.4826-ஆல பெருக்கினா நார்மல் டேட்டாவுக்கு எஸ்டியோட ஒப்பிடற அளவுக்கு வந்துடும், 0.30. நிஜமான 0.255-க்கு இது எவ்வளவு பக்கம், 1.39 எவ்வளவு தூரம்னு பாருங்க. ரெண்டாவது ஃப்ரேமுக்கும் போட்டுடறேன், மீடியன் 40.3, தூரங்களோட நடு 0.9, பெருக்கினா 1.33, அது நிஜமாவே ஆடுது, ஒரு ரீடிங்கால இல்ல.

அதனால நான் இப்ப ரெண்டையும் போடுவேன். எஸ்டியும் மேட்ல இருந்து வர்றதும் பக்கத்து பக்கத்துல இருந்தா எஸ்டியை நம்பு. எஸ்டி மட்டும் பலூன் மாதிரி இருந்தா ஃபிட்டரை கூப்பிடறதுக்கு முன்னாடி லெட்ஜரை பாரு. அதுக்காக மேட்டை மட்டும் வெச்சுகிட்டு விலகின ரீடிங்கையெல்லாம் குப்பைன்னு தள்ளிடவும் கூடாது, அந்த 43 நிஜ நூலா இருந்திருந்தா அதுதான் துணியில விழற பட்டை.

ஐக்யூஆர், அதாவது கால்மானங்களுக்கு நடுவுல இருக்கற தூரம், அதுவும் இதே ஜாதி தான், மேல கால்வாசியும் கீழ கால்வாசியும் தள்ளிட்டு நடுப்பாதி எவ்வளவு அகலம்னு சொல்லும். பாக்ஸ் பிளாட்ல வர்ற பெட்டி அது, பெட்டியோட ரெண்டு முனையில இருந்தும் ஒன்றரை பெட்டி தூரத்துக்கு மேல போனதை புள்ளியா காட்டறது டூக்கி வெச்ச வழக்கம். சம்பளம், வீட்டு வாடகை மாதிரி ஒரு பக்கமா வால் நீண்டு போற டேட்டாவுக்கு அருமை. அஞ்சு லீக்கு போட்டு நேரத்தை வீணாக்காதீங்க, கால்வாசியை எப்படி வெட்டறதுன்னே சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் ஒத்து போகாது, ஆர்ல மட்டும் ஒன்பது விதம் இருக்கு.

கடைசி கேள்விக்கு வரேன், ஈவன்னெஸ் ரிப்போர்ட்ல 13, உங்க கணக்குல 3. ரெண்டும் சரி. ரெண்டும் சிவி தான், ஆனா எதோட சிவிங்கறது வேற. டெஸ்டர் நூலை சென்டிமீட்டர் அளவு துண்டு துண்டா பார்க்குது, நீங்க 120 கெஜம், அதாவது கிட்டத்தட்ட 110 மீட்டரை மொத்தமா எடை போடறீங்க. சின்ன துண்டுல பரவல் எப்பவும் கூட இருக்கும், நீளமா எடுத்தா மேடும் பள்ளமும் ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிக்கும். எதோட பரவல்னு சொல்லாம ஒரு சிவி நம்பரை சொல்றது, ஊர் பேரு சொல்லாம "அஞ்சு கிலோமீட்டர்"னு சொல்ற மாதிரி.

அந்த 13-ல பெரும்பங்கு யாராலும் ஒழிக்க முடியாதது, இதை தெரிஞ்சுக்காம ஆபரேட்டரை திட்டாதீங்க. நூல்ங்கறது பஞ்சு இழைங்க தாறுமாறா ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து சேர்ந்தது. 40ஸ் நூலோட குறுக்கு வெட்டுல, மைக்ரனேர் (இழையோட மெலிசை சொல்ற அளவு) 4 பஞ்சா இருந்தா, சுமார் 94 இழை இருக்கும். இழைங்க தற்செயலா அமைஞ்சா எண்ணிக்கை ஏறி இறங்கத்தான் செய்யும், அந்த ஏற்ற இறக்கம் இழை எண்ணிக்கையோட வர்க்கமூலத்தை பொறுத்தது. மார்ட்டின்டேல்ங்கறவர் 1945-ல இதுக்கு கணக்கு கொடுத்தார், பருத்திக்கு 106-ஐ அந்த மூலத்தால வகுக்கணும். 94-க்கு மூலம் 9.7, அப்ப 10.9%. உலகத்துலயே நல்ல மெஷின், நல்ல ஆபரேட்டர், எல்லாம் இருந்தாலும் அந்த பஞ்சுல 40ஸ் நூல் இந்த 10.9-க்கு கீழ போறது நடக்காத காரியம். உங்க 13-ல மெஷின் கணக்குல எழுத வேண்டிய பங்கு, அதே முக்கோணத்துல 169-ல இருந்து 119-ஐ கழிச்சு 50, மூலம் 7. இந்த ஒரு கணக்கை போட்டதுக்கு அப்புறம் தான் எனக்கு பரவல்ங்கற விஷயமே புரிஞ்சுது, பரவல் எல்லாமே தப்பு இல்ல, பாதிக்கு மேல பஞ்சோட இயல்பு.

இப்ப அதே கணக்கை திருப்பி போடுங்க. ஒரு லீக்குள்ள சுமார் 11,000 சென்டிமீட்டர் துண்டு. எல்லாமே தற்செயலா மட்டும் ஆடினா, லீக்கு லீ பரவல் 13-ஐ 11,000-த்தோட மூலமான 105-ஆல வகுத்து 0.12% தான் இருக்கணும். இழையே ரெண்டரை மூணு சென்டிமீட்டர் நீளம், பக்கத்து துண்டுங்க ஒட்டிகிட்டு தான் போகும்னு கொஞ்சம் தாராளமா விட்டாலும் கால் பர்சென்ட்டுக்குள்ள அடங்கணும். உங்களுக்கு வந்தது 3. அப்ப ரெண்டாவது ஃப்ரேம்ல ஓடற பிரச்சனை ரிங் ஃப்ரேம்ல சென்டிமீட்டர் கணக்குல நடக்கறதே இல்ல, நூறு மீட்டர் கணக்குல மெதுவா ஏறி இறங்கற ஏதோ ஒண்ணு, அது பெரும்பாலும் பின்னாடி இருந்து வரும், டிராஃப்ரேம் மெஷின்ல வர்ற ஸ்லைவரோட (தடிச்ச பஞ்சுத் திரி) எடை, அதை மெலிசாக்கற சிம்ப்ளெக்ஸ் மெஷின்ல வர்ற ரோவிங் (ரிங் ஃப்ரேமுக்கு போற மெல்லிய திரி), இல்லைன்னா வேற வேற டிராஃப்ரேம் கேன் (ஸ்லைவர் நிரப்பற டப்பா) கலந்து போனது.

இன்னொண்ணு, எஸ்டி வரிசையை மறந்துடும். 38.5, 39.0, 40.3, 41.0, 41.2-ன்னு படி ஏறற மாதிரி வந்தாலும், மேல கீழ மேல கீழன்னு வந்தாலும் எஸ்டி அதே 1.20 தான். ஆனா முதல்ல சொன்னது தேய்மானமோ ட்ரிஃப்டோ, ரெண்டாவது ரெண்டு கேன் கலந்தது மாதிரி. அதனால நம்பரை போடறதுக்கு முன்னாடி எடுத்த வரிசையில ஒரு கோடு போட்டு பாருங்க. 39-ம் 41-ம் மட்டுமே வர்ற அந்த பொம்மை ஃப்ரேமை யோசிச்சு பாருங்க, ஏவரேஜ் 40, ஆனா 40ஸ் நூல் ஒரு அடி கூட அங்க இல்ல. எஸ்டி 1-ன்னு சொன்னா யாருக்கும் அது தெரியாது, புள்ளி வெச்சா நொடியில தெரியும்.

நார்மல்னு நம்பினா ஏவரேஜ்ல இருந்து ரெண்டு எஸ்டிக்குள்ள சுமார் 95% லீ விழும், முதல் ஃப்ரேமுக்கு 39.5-ல இருந்து 40.5, ரெண்டாவதுக்கு 37.6-ல இருந்து 42.4. நார்மலே இல்லைன்னாலும், வடிவம் எவ்வளவு கோணலா இருந்தாலும், ரெண்டு எஸ்டிக்குள்ள குறைஞ்சது 75% இருந்தே தீரும், செபிஷேவ் தேற்றம் சொல்றது அது. கஸ்டமர்கிட்ட பேசும்போது சிவி 3-ன்னு சொல்றதை விட "உங்களுக்கு 37.6-ல இருந்து 42.4 வரைக்கும் நூல் வந்துகிட்டிருக்கு"ன்னு சொன்னா அவருக்கும் புரியும், உங்க மேனேஜருக்கும் உறைக்கும்.

நாளைக்கு லேப்ல நான் இருந்தா செய்யறது இது. ரெண்டாவது ஃப்ரேம்ல பத்து ஸ்பிண்டில் பிரிச்சு பிரிச்சு எடுத்து, ஒவ்வொரு பாப்பின்லயும் நாலு லீ, எந்த பாப்பின், எத்தனாவது லீன்னு குறிச்சு எடை போடுவேன். ஒவ்வொரு பாப்பினோட நாலு லீக்கு வேரியன்ஸ் போட்டு பத்தையும் சராசரி எடுத்தா அது பாப்பின் உள்ள வர்ற பரவல். பத்து பாப்பினோட ஏவரேஜுங்களுக்கு வேரியன்ஸ் போட்டு, அதுல இருந்து முதல்ல சொன்னதோட நாலுல ஒரு பங்கை கழிச்சா பாப்பின்க்கு பாப்பின் பரவல், நாலு லீயோட ஏவரேஜ் தானா கொஞ்சம் ஆடும்ல, அதுக்கு தான் அந்த கழித்தல். கழிச்சு மைனஸ்ல வந்தா பயப்படாதீங்க, பாப்பின் வித்தியாசம் பூஜ்யத்துக்கு பக்கம்னு எழுதிக்கங்க. உள்ள வர்றது பெருசா இருந்தா டிராஃப்ரேம் பக்கம் போய் ஸ்லைவரை மீட்டர் மீட்டரா வெட்டி எடை போடுங்க, பாப்பின்க்கு பாப்பின் பெருசா இருந்தா ஃப்ரேம்ல ரோவிங் மாட்டற க்ரீல்ல எந்த எந்த சிம்ப்ளெக்ஸ் ரோவிங் மாட்டியிருக்குன்னு பாருங்க. நாப்பது லீ எடை போட்டதும் அந்த நம்பரை இங்க போடுங்க, சேர்ந்து பிரிச்சு பார்க்கலாம், டைப் பண்ணும்போது மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்து அடிங்க.